சென்னையில் நான்கு நாள், மூன்று பேர், நாளுக்கு 600 ரூபாய்: சாப்பாட்டுக்கு எங்கே போகலாம்?

#1 தென்காசிச்_சாரல்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் அப்பாவின் கண் பரிசோதனைக்காகச் சென்னை வருகிறோம். அப்பா, அம்மா, நான். திருவல்லிக்கேணியில் தெரிந்தவர் ஒருவர் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார், நான்கு நாள் தங்கல். அறைக்கும் ஆட்டோவுக்குமே கையிருப்பில் பாதி கரைந்துவிடும் போலிருக்கிறது. அதனால் மூன்று பேர் சாப்பாட்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று வரம்பு போட்டிருக்கிறேன்.

சென்ற முறை வந்தபோது ரயிலை விட்டு இறங்கிய பசியில், எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஹோட்டலில் ஏறிவிட்டோம். இட்லி, பொங்கல், மூன்று காபி, ஒரு தண்ணீர் பாட்டில். பில் 487. அம்மா அந்தப் பில்லை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். யாராவது மெட்ராஸ் பேச்சை எடுத்தால் அதை எடுத்துக் காட்டுவார்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். அம்மா சைவம். எனக்கு எதுவும் ஓடும். யூடியூபில் பார்த்தால் எல்லாக் கடையும் 'சென்னையிலேயே நம்பர் ஒன்'. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மேன்ஷன்வாசி

தம்பி, திருவல்லிக்கேணியில் அறை என்றாலே பாதிக் கவலை தீர்ந்தது. நான் அங்கே ஒரு மேன்ஷனில் 11 வருடம் குப்பை கொட்டியவன். வேலை தேடி வந்த பிரம்மச்சாரிகளுக்காக வந்த மேன்ஷன்கள், அந்தப் பிரம்மச்சாரிகளின் வயிற்றுக்காக வந்த மெஸ்கள். மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மீதியில் சாப்பிடுகிறவன்தான் அங்கே வாடிக்கையாளர். விலையை ஏற்றினால் அவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். அந்தப் பயம் உள்ள கடைகளில்தான் நீங்கள் சாப்பிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்து உட்கார வேண்டும். இலை போட்டுப் பரிமாறுவார்கள். அம்மாவுக்குக் கவலையே வேண்டாம், சைவம். அப்பாவுக்குப் பசி வரும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே நீங்கள் போய் டோக்கன் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் மட்டும் ஒரு நாள் நழுவிப்போய்ச் சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் நாயர் மெஸ்ஸில் மீன் சாப்பிடலாம். 1961-இலிருந்து இருக்கிற கடை. சாப்பாடு கட்டுப்படியாகும், வறுத்த மீன்தான் பர்ஸைக் கடிக்கும். வஞ்சிரம் துண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

#3 கணக்குப்பிள்ளை

600 ரூபாய் என்கிறார், முதலில் சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவில்லையே. அம்மா உணவகம். 2013-இல் ஆரம்பித்தது, மாநகராட்சி நடத்துவது. இட்லி ஒன்று 1 ரூபாய், பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி இரண்டு சப்பாத்தி பருப்புக் கடைசலோடு 3. காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3, மாலை 6 முதல் 9.

மூன்று பேரும் காலையில் ஆளுக்கு நாலு இட்லி, ஒரு பொங்கல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டாலும் 27 ரூபாய். உங்கள் அம்மாவிடம் இந்த டோக்கனையும் கொடுங்கள், 487-க்குப் பக்கத்திலேயே வைக்கட்டும்.

#4 அண்ணாநகர்_ஆகாஷ்

ஊரிலிருந்து வரும் வயதானவர்களைப் போய் அம்மா உணவக வரிசையில் நிறுத்துவதா? அது வேறு வழியில்லாதவர்களுக்கான இடம். நாளுக்கு 600 செலவழிக்க முடிந்தவர்கள் அங்கே போனால் அவர்களுக்கு உள்ளது குறையும். இன்னும் 300 சேர்த்துப் போட்டு நல்ல ஹோட்டலிலேயே சாப்பிடலாமே.

#5 எண்ணூர்_அக்கா

ஆகாஷ் தம்பி, அந்த 'இன்னும் 300' நான்கு நாளைக்கு 1,200. அவர்களுக்கு அது ஊர் திரும்பும் டிக்கெட்.

நான் ஜிஎச்சில் மாமியாரோடு 19 நாள் இருந்தவள். அங்கே வளாகத்துக்குள்ளேயே அம்மா உணவகம் உண்டு. என் பக்கத்தில் நின்று தயிர் சாதம் சாப்பிட்டவர்களில் கோட்டு போட்ட பயிற்சி டாக்டர் உண்டு, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் உண்டு, கழுத்தில் தங்கச் சங்கிலியோடு ஒரு பாட்டியும் உண்டு. யாரும் யாரையும் நீ ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மாநகராட்சி பசிக்கிறவனுக்குத்தான் போடுகிறது, சம்பளச் சீட்டு கேட்கவில்லை.

ஒன்று மட்டும் உண்மை: அங்கே நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், உயரமான மேடைதான் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு முழங்கால் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு வாங்கிக்கொண்டு உட்கார வெளியே ஏதாவது திண்டு இருக்கிறதா என்று முதலில் கண்ணை ஓட்டுங்கள்.

#6 மாடவீதி

தென்காசித் தம்பிக்கு: ஒரு நாள் மயிலாப்பூருக்கு ஒதுக்குங்கள். ஆட்டோ வேண்டாம். திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் டிக்கெட் 5 ரூபாய். அங்கிருந்து கோயில் நடைதூரம்.

காலை டிபனுக்கு அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம், வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். இட்லி, பொங்கல், வடை, அதோடு கெட்டிச் சட்னி. அந்தச் சட்னியை யாரும் நீர்க்கத் தரமாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். ஞாயிறு வேண்டாம், கிழமை நாளில் போங்கள். கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது, அங்கே உட்காரக் கொஞ்சம் வசதி கூட.

கபாலீசுவரர் கோயிலில் மதியம் அன்னதானம் உண்டு. கூச்சப்படாமல் உட்காரலாம், முடிந்ததை உண்டியலில் போட்டால் போச்சு. மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க்கை நீங்கள் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். அப்பா கண்ணில் படாமல்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்னா கஃபே உங்கள் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1948-இலிருந்து இருக்கும் கடை, வாளியில் சாம்பாரைக் கொண்டுவந்து இட்லி மூழ்க ஊற்றுவார்கள். மலிவுக் கணக்கில் அது வராது. ஆனால் நான்கு நாளில் ஒரு வேளை, ஒரே ஒரு தட்டை மூவரும் பகிர்ந்தாவது சாப்பிடாமல் ரயில் ஏறாதீர்கள்.

#7 சைதைப்_பையன்

வடகறி பற்றி ஒருத்தரும் பேசாதது அநியாயம். சைதாப்பேட்டை மாரி ஹோட்டல். செட் தோசை, வடகறி. முடிந்தது.

#8 மேன்ஷன்வாசி

@சைதைப்_பையன் கண் பரிசோதனைக்கு வந்தவரைக் காலை ஏழு மணிக்குச் சைதாப்பேட்டைக்கு இழுத்தடிக்காதே அப்பா.

#9 கம்பங்காடு

சர்க்கரை உள்ளவருக்கு இட்லியும் பொங்கலுமா சொல்வீர்கள்? தெருவுக்குத் தெரு கூழ் வண்டி நிற்கிறது. கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், கொத்தவரங்காய் வத்தல். ஒரு சொம்பு 20, 30 ரூபாய்க்குள். சர்க்கரை ஏறவே ஏறாது.

#10 எண்ணூர்_அக்கா

ஏறவே ஏறாது என்று எழுதாதீர்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான். களியாக உருட்டிச் சாப்பிடுவதற்கும் கூழாகக் கரைத்து ஒரே மூச்சில் குடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு, கரைத்தது விறுவிறுவென்று செரித்துவிடும். என் வீட்டுக்காரர் கூழ் நல்லது என்று தினம் இரண்டு சொம்பு குடித்துவிட்டு மீட்டரில் 280 காட்டினார். குடிக்கலாம், அரைச் சொம்பு, கூட நாலு சுண்டல். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதுதான் பெரிய ஆபத்து. அப்பா சட்டைப் பையில் பொட்டுக்கடலையும் இரண்டு பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும்.

#11 கம்பங்காடு

சரி அக்கா, 'ஏறவே ஏறாது' என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மோர் மிளகாயை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

#12 பாரிமுனை_77

நீங்கள் எல்லோரும் சாத்வீகமான ஆட்கள். அந்தத் தம்பி 'எனக்கு எதுவும் ஓடும்' என்று எழுதியிருக்கிறார், அவரைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

தம்பி, சாயங்காலம் பெற்றோரை அறையில் விட்டுவிட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் வாருங்கள். செகண்ட் லைன் பீச் ரோட்டில் பர்மா சாப்பாட்டு வண்டிகள் நிற்கும். 1960-களில் பர்மாவில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த நம் ஆட்கள் கையோடு கொண்டுவந்த சமையல். அவர்கள் பிழைப்புக்காக வந்த பர்மா பஜாரும் அங்கேதான்.

அத்தோ கேளுங்கள். கடைக்காரர் ஒரு பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போடுவார். மேலே முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். கரண்டி கிடையாது, கையாலேயே பிசைவார். கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவுவார். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப், அது கணக்கில் சேராது, கிண்ணம் காலியானால் திரும்ப ஊற்றுவார். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் அடைத்துத் தருவார்கள், அதை ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் சட்டை போச்சு. நூறு ரூபாய்க்குள் வயிறு கம்மென்று இருக்கும்.

இன்னும் பசி இருந்தால் என்எஸ்சி போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் கடை, நெய்யில் ஊறிய பொடி இட்லி, ஊத்தப்பம். சாயங்காலத்துக்கு மேல்தான் திறக்கும். மின்ட் தெருவுக்குள் போனால் முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவே வெள்ளரியும் தக்காளியும் சட்னியும். இதெல்லாம் தென்காசியில் கிடைக்காது.

#13 தென்காசிச்_சாரல்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கையால் பிசைவார்கள் என்றதும் 'நீ மட்டும் போய்ட்டு வா' என்றார்.

இரண்டு கேள்வி. ஒன்று, தண்ணீர். சென்ற முறை பாட்டிலில் போட்டிருந்த விலையைவிடக் கூட வாங்கினார்கள், கேட்டதற்கு இங்கே அப்படித்தான் என்றார்கள். புகார் கொடுக்கலாமா? இரண்டு, பெயர் பெற்ற கடை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் எந்தக் கடை மலிவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#14 கணக்குப்பிள்ளை

தண்ணீருக்கு நான். பெட்டிக்கடையில் எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் சண்டை போடலாம். ஹோட்டலுக்குள் உட்கார்ந்து குடித்தால் கதை வேறு. உட்காரும் இடம், பரிமாறும் சேவை என்று சேர்வதால் ஹோட்டல்கள் கூட வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் வம்பு வேண்டாம். உட்கார்ந்ததும் சப்ளையர் 'மினரலா, சாதாவா' என்பார், பெருமை பார்க்காமல் 'சாதா' என்று சொல்லுங்கள். அறையிலிருந்தே காய்ச்சிய தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போவது இன்னும் உத்தமம்.

பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம் இருக்கும், அதை இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஏசி ஹாலுக்கும் சாதா ஹாலுக்கும் அதே வரிதான். ஆனால் பல கடைகளில் ஏசி ஹாலின் விலைப்பட்டியலே தனி. மாடிப்படி ஏறச் சொன்னால் 'கீழேயே உட்காருகிறோம்' என்று சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு லாபம்: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த மிச்சத்தில் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

#15 பழைய_சப்ளையர்

ரொம்ப நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டாவது கேள்வி என் கேள்வி. திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் ஆறு வருடம் இலை போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், முதலாளி இன்னும் நல்லாயிருக்கிறார்.

மெஸ் சாப்பாடு ஏன் மலிவு? ஒரே உலை. காலையிலேயே முதலாளி இன்னிக்கு இத்தனை இலை என்று கணக்குப் போடுவார். டோக்கன் தருவது கூட்டத்தைக் கட்டுப்படுத்த மட்டும் என்று நினைக்கிறீர்கள். டோக்கன் எண்ணிக்கைதான் அரிசி அளவு. மீதம் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, 'சார் என்ன சாப்பிடுறீங்க' என்று கேட்க ஆள் இல்லை. இருப்பது ஒன்றே, சாப்பிட்டு எழு. பெரிய ஹோட்டலில் 60 அயிட்டம் போர்டில் இருக்கும். யாரும் கேட்காத அயிட்டத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

ஆகவே தெரியாத தெருவில் மாட்டிக்கொண்டால், போர்டில் எத்தனை அயிட்டம் என்று எண்ணுங்கள். குறைவாக இருந்தால் உள்ளே போங்கள். சைக்கிளும் டெலிவரி வண்டியும் வாசலில் நின்றால் போங்கள், காத்திருக்கும் கார் நின்றால் நடையைக் கட்டுங்கள். 'அளவுச் சாப்பாடு' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வயதானவர்களுக்கு அது போதும், முழுச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசில் பாதிச் சோறு இலையில் கிடக்கும். அசைவம் என்றால் 'குஸ்கா' கேளுங்கள். பிரியாணி சோறுதான், கறித்துண்டு மட்டும் இருக்காது. மசாலா எல்லாம் அதே. கூடவே தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் தரும் கடையாக இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம் பந்தி. முதல் பந்தியில் கூட்டு, பொரியல் எல்லாம் சூடு. இரண்டாவது பந்தியில் சாம்பார் அடி வண்டலோடு கெட்டியாக வரும், ருசி தெரிந்தவன் அதற்குத்தான் வருவான். மூன்றாவது பந்தியில் ரசத்துக்கு வெந்நீர் சேரும். நானே சேர்த்திருக்கிறேன். அதனால் 12.30-க்குள் போய்விடுங்கள்.

#16 அண்ணாநகர்_ஆகாஷ்

வெந்நீரா! ஆறு வருடமா!

#17 பழைய_சப்ளையர்

கொதிக்க வைத்த வெந்நீர்தான் சார். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது.

#18 நடத்துநர்

பிரியாணியில் எந்த ஊர் உயர்த்தி என்று கீழே ஓடிய 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஆம்பூரும் திண்டுக்கல்லும் அங்கே போய் அடித்துக்கொள்ளட்டும்.

#19 தென்காசிச்_சாரல்

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவு மட்டும் சொல்கிறேன்: முதல் நாள் 530, இரண்டாம் நாள் 410, மூன்றாம் நாள் 655, நான்காம் நாள் 480. மொத்தம் 2,075. 2,400-இல் 325 மிச்சம்.

மூன்றாம் நாள் 655 ஆனதற்குக் காரணம் நான்தான். சேப்பாக்கத்தில் வஞ்சிரம் விலை கேட்டேன், கேட்டபிறகும் வாங்கிவிட்டேன். மேன்ஷன்வாசி அண்ணன் மன்னிக்கவும்.

அம்மா உணவகம் அப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. ராத்திரி நாலு சப்பாத்தி, 6 ரூபாய். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு அங்கே கரண்டி பிடித்த அம்மாவிடம் போய், 'தாயி, பருப்புல பூண்டு தட்டிப் போட்டிருக்கீங்களா?' என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். மறுநாளும் அங்கேதான் போக வேண்டும் என்று அடம். நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது, வெளியே ஒரு திண்டு இருந்தது அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கண்ணை ஓட்டினேன்.

மயிலாப்பூர் அம்மாவின் நாள். கெட்டிச் சட்னியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பொட்டுக்கடலை குறைவு, தேங்காய்தான் என்று தீர்ப்பு சொன்னார். ஆனால் பார்த்தசாரதி கோயில் பிரசாத ஸ்டாலில் வாங்கிய புளியோதரையைத்தான் ரயிலில் சாப்பிடக் கட்டிக்கொண்டார். மாயவரம் தாண்டுவதற்குள் காலி என்று எழுத நினைத்தேன், பொதிகை அந்தப் பக்கம் போகாது. விழுப்புரம் தாண்டுவதற்குள் காலி.

அத்தோ சாப்பிட்டேன். முட்டையைப் பாதி கடித்தேன். சட்டையை ஊற வைத்திருக்கிறது.

நான்காம் நாள் மெஸ்ஸுக்குப் போக மணி இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா பையில் பொட்டுக்கடலை இருந்ததால் தப்பித்தார். கடைசிப் பந்தி.

#20 பழைய_சப்ளையர்

கடைசிப் பந்தியா. ரசம் எப்படி இருந்தது?

#21 தென்காசிச்_சாரல்

அப்பா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார் அண்ணாச்சி. கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், எதுவும் தெரியவில்லை.